பஞ்சமம் சேர்ந்த கிளாரினெட்

மகள் கிளாரினெட்டில் ஐந்தாம் கிரேடு தேர்வில் தேறிய வாரம், அவளுடைய டீச்சர் என்னை வாசலிலேயே நிறுத்தினார். "இந்தப் பிளாஸ்டிக்கில் போகக்கூடிய தூரம் போய்விட்டாள். இனி மரத்துக்கு மாற்றுங்கள்." அவ்வளவுதான். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் கார் வரைக்கும் மனசுக்குள் பவுண்டுகளை எண்ணிக்கொண்டே நடந்தேன்.

நாங்கள் இருப்பது லண்டன் ஹாரோவில். ஒன்பது வயதிலிருந்து அவள் ஊதுவது ஒரு யமஹா 255. உடம்பு முழுக்க பிளாஸ்டிக், பழையதாக வாங்கியது. என் கண்ணுக்கு அதுவும் கறுப்பு, கடையில் மின்னும் மரக் கிளாரினெட்டும் கறுப்பு. எனக்குத் தெரிந்த கிளாரினெட் உலகமே வேறு. கும்பகோணத்தில் என் சித்தப்பா கல்யாண ஊர்வலங்களில் பேண்டு செட்டோடு ஊதுவார். ஸ்பிரிங் போன கீயை ரப்பர் பேண்டால் இழுத்துக் கட்டியிருப்பார். வீட்டில் கிளாரினெட் வித்வான் ஏ.கே.சி. நடராஜன் வாசிப்பு ஓடினால் அது முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. அந்தச் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "மரம் கெடக்கட்டும்டா, மொதல்ல சுருதி சேருதான்னு பாரு" என்றார். பெரியவர்கள் எல்லாவற்றுக்கும் சொல்கிற வார்த்தை என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அப்புறம் நான் செய்தது முட்டாள்தனம். இணையத்தில் ஒருவர் பழைய மரக் கிளாரினெட் ஒன்றை அறுநூறு பவுண்டுக்குப் போட்டிருந்தார். பிரெஞ்சுத் தயாரிப்பு, படத்தில் பளபளவென்று இருந்தது. டீச்சரைக் கேட்காமலே வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு ஆச்சரியமாகக் கொடுத்தேன். அவள் ஊதினாள். கீழ் ஸ்வரங்கள் வரவே இல்லை. "அப்பா, காத்து எங்கேயோ போகுது" என்றாள்.

டீச்சர் அதைக் கையில் வாங்கியதும் ஊதிப் பார்க்கவில்லை. மேல் பாகத்தை மட்டும் கழற்றி, துளைகளையெல்லாம் விரலால் மூடி, அடிமுனையை உள்ளங்கையால் அடைத்து, மேல்முனையில் வாயை வைத்துக் காற்றை உறிஞ்சினார். கீகளுக்கு அடியில் துளையை மூடும் மெத்தைகளான பேடுகள் நன்றாக உட்கார்ந்திருந்தால் உள்ளே வெற்றிடம் சில விநாடி நிற்கும். வாயை எடுக்கும்போது ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம் வரும். இதில் வரவில்லை. பிறகு ஜன்னல் பக்கம் திருப்பி, இரண்டு ஸ்வரங்களை வேகமாக மாற்றி மாற்றி ஊத உதவும் டிரில் கீ துளைகளுக்கு அருகே நகத்தால் வருடிக் காட்டினார். தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. யாரோ பசையும் கறுப்புத் தூளும் வைத்து மூடி மெருகேற்றியிருக்கிறார்கள். மரக் கிளாரினெட் வெடித்தால் பெரும்பாலும் மேல் பாகத்தில், இந்த இடத்தைச் சுற்றித்தான் வெடிக்குமாம். விரிசலுக்குக் குறுக்கே ஊசி இறக்கி ஒட்டி, பேடெல்லாம் மாற்ற ரிப்பேர்காரர் சொன்ன கூலியைக் கேட்டதும் பெட்டியை மூடிவிட்டேன். விற்றவர் அதற்குப் பிறகு பதிலே போடவில்லை. இன்னும் எங்கள் அலமாரி மேல்தான் இருக்கிறது. என் மனைவி அதை ‘அறுநூறு பவுண்டு பூரிக்கட்டை’ என்பாள்.

டீச்சர் திட்டவில்லை. வேறு ஒரு வேலை கொடுத்தார். "முதலில் மவுத்பீஸை மாற்றுங்கள். மூன்று மாதம் கழித்துப் பேசலாம்." யமஹாவோடு வந்த 4சி-யை எடுத்துவிட்டு வாண்டொரன் பி45 ஒன்றை வாங்கினோம். ரீடை, அதாவது நம் ஊர் நாகஸ்வரச் சீவாளிக்கு அண்ணன் தம்பியான அந்த மூங்கில்போன்ற பட்டையை, பழைய இரண்டரை எண் கனத்திலேயே வைத்துக்கொண்டோம். ஒரே வாரத்தில் சத்தம் தடிமனாகிவிட்டது. செலவு மரக் கிளாரினெட்டில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. "அப்படியானால் மரமே வேண்டாமே?" என்று ஆசையோடு கேட்டேன். "இப்போதுதான் வாத்தியத்தின் குறை அவள் காதில் விழ ஆரம்பிக்கும்" என்றார். விழுந்தது. நடுவில் வரும் ‘பி ஃபிளாட்’ மட்டும் ஜலதோஷம் பிடித்த குரலில் வருகிறது என்று அவளே முறையிட்டாள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. கிளாரினெட்டில் அந்த ஸ்வரத்துக்கென்று தனியாகத் துளை கிடையாது. ஸ்தாயி மாற்றுவதற்கான ரெஜிஸ்டர் கீயின் சின்னத் துளையே அதற்கும் சேர்த்து வேலை பார்க்கிறது. ஒரு துளைக்கு இரண்டு உத்தியோகம். இரண்டையும் ஓரளவு சமாளிக்கிற மாதிரி அதை எங்கே, எவ்வளவு பெரிதாகப் போடுவது என்பதில்தான் தயாரிப்பவரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

மரத்தைப் பற்றியும் அந்த மூன்று மாதத்தில் வாசித்தேன். கிளாரினெட் செய்வது கிரெனடில்லா என்ற ஆப்பிரிக்க மரத்தில். தான்சானியா, மொசாம்பிக் பக்கம் வளர்வது. சுவாஹிலியில் ம்பிங்கோ. நம் தோதகத்தி மரத்துக்கு நெருங்கிய சொந்தம், ஒரே பேரினம். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும், அவ்வளவு கனம். 2017 ஜனவரியில் இந்தப் பேரினம் கிட்டத்தட்ட முழுவதும் அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது. விற்பனைக்காக எல்லை தாண்டும் கிளாரினெட்டுக்கெல்லாம் அனுமதிக் காகிதம் தேவைப்பட்டது. 2019 நவம்பரில், செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். கோடை விடுமுறையில் கும்பகோணத்துக்கு எடுத்துப் போகலாமா என்ற என் கவலை அதோடு தீர்ந்தது.

ஆனால் மரத்தால்தான் நாதம் என்ற பேச்சில் எனக்கு இப்போது பாதி நம்பிக்கைதான். அதிர்வது உள்ளே இருக்கும் காற்று. உள்குழலின் அளவும், துளைகளை எவ்வளவு நுணுக்கமாகக் கடைந்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். நல்ல கடைசல் வேலையை விலை உயர்ந்த வாத்தியத்தில்தான் செய்கிறார்கள், விலை உயர்ந்த வாத்தியத்தை மரத்தில் செய்கிறார்கள். புகழ் மரத்துக்குப் போய்விடுகிறது.

சரி, கடைக்கு வருகிறேன். காற்று வாத்தியங்களை மட்டும் விற்கும் கடை. முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு போனால் தனி அறை தருகிறார்கள். எங்கள் தொகையைச் சொன்னோம்: இரண்டாயிரத்துச் சொச்சம். மேஜையில் ஐந்து வைத்தார்கள். யமஹா 450, யமஹா 650, பஃபே என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் இ13 இரண்டு, அப்புறம் "சும்மா ஊதிப் பார்க்கட்டும்" என்று ஒரு பஃபே ஆர்13. இந்த ஆர்13 என்பது 1955-இல் வந்த மாடல், இன்றைக்கும் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களில் இதை ஊதுகிறவர்கள் ஏராளம். விலை எங்கள் தொகையைவிட ரொம்பத் தூரம். இந்த "சும்மா"வில் எத்தனை அப்பாக்கள் விழுந்திருப்பார்களோ!

டீச்சர் கொடுத்தனுப்பிய கட்டளைகள் மூன்று. அவளுடைய சொந்த மவுத்பீஸையும் பழகிய ரீடையுமே எல்லாவற்றிலும் போட வேண்டும். இல்லாவிட்டால் எதை ஒப்பிடுகிறோம் என்றே தெரியாது. ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடமாவது ஊதிச் சூடாக்கிய பிறகுதான் சுருதி காட்டும் டியூனரைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் குளிர்ந்த குழல் சுருதி இறங்கியே பேசும். கேட்பவர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும்.

மூன்றாவதற்கு என் மனைவியை அழைத்துப் போயிருந்தேன். அவளுக்குக் கிளாரினெட் பற்றி ஒன்றும் தெரியாது. சின்ன வயதிலிருந்து பாட்டு கற்றவள், அவ்வளவே. கொஞ்ச நேரம் கேட்டாள், பிறகு போனில் சுருதிப்பெட்டி செயலியைத் திறந்து ஆறரைக் கட்டையில் வைத்தாள். நோட்டில் ‘சி’ என்று எழுதியிருப்பதை மகளுடைய கிளாரினெட்டில் ஊதினால் வெளியே கேட்பது அந்தச் சுருதிதான்.

"இப்ப ச பிடி. அப்படியே அந்தக் கீயை அமுக்கு."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். புல்லாங்குழலிலோ நாகஸ்வரத்திலோ காற்றை அழுத்தினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் வரும். கிளாரினெட் அப்படி இல்லை. நேர் உருளையான குழல், ஒரு முனை ரீடால் அடைபட்டது; அதனால் ரெஜிஸ்டர் கீயை அழுத்தினால் ச என்பது மேல் ஸ்தாயி பஞ்சமமாகத் தாவும். விரல் மாறாது, துளை மாறாது, ச போய் ப வந்துவிடும். இரண்டும் ஒரே துளையிலிருந்து வருவதால், ஒன்றைச் சரிசெய்தால் மற்றது விலகும். இங்கே இதைப் பன்னிரண்டாம் ஸ்வரத் தாவல் என்று கணக்குப் போட்டுப் பேசுகிறார்கள். சுருதிப்பெட்டிக்கு முன் வளர்ந்த காதுக்கு அது வெறும் ச–ப. சேர்ந்தால் தெரியும், சேராவிட்டால் பல் கூசும்.

யமஹா 450 ஒழுங்காக இருந்தது. ஆனால் பழையதிலிருந்து பெரிய தாண்டல் என்று மகளுக்குத் தோன்றவில்லை. ஆர்13-இல் அவள் முகமே மாறிவிட்டது. சத்தம் அறையை நிரப்பியது. என் கை பர்ஸை நோக்கிப் போனதை மறைக்க மாட்டேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் மட்டும், "சத்தம் நல்லா இருக்கு, ஆனா ப ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்துல நிக்குது" என்றாள். வாத்தியத்தின் குற்றமில்லை அது. அதைப் பிடித்து நிறுத்தும் உதடு மகளுக்கு இன்னும் வரவில்லை. கடைக்காரரும் மறுக்கவில்லை.

ஆச்சரியம் இரண்டு இ13-களில்தான். ஒரே மாடல், ஒரே விலை, பக்கத்துப் பக்கத்தில் கிடந்தவை. ஆறரைக் கட்டையில் இரண்டுமே சேர்ந்தன. சுருதிப்பெட்டியை இரண்டரைக் கட்டைக்கு மாற்றி, குழலின் அடிப்பக்கத்து ‘எஃப்’-ஐ ச ஆக வைத்து ஊதச் சொன்னாள். முதலாவதில் ச தொங்கியது, ப தூக்கலாக நின்றது. அடி ஸ்வரம் இறங்கிப் பேசுவது கிளாரினெட்டுக்குப் பொதுவான நோய்தான், டியூனரிலும் தெரிந்தது. இரண்டாவதிலும் அந்த நோய் உண்டு, ஆனால் பாதிதான். ஜலதோஷ ‘பி ஃபிளாட்’டும் அதில் கொஞ்சம் மூக்கு திறந்து வந்தது. நான் கண்ணால் பார்த்து, மரத்தின் ரேகை அழகாக இருக்கிறதென்று முதலாவதைத்தான் மனசில் வைத்திருந்தேன்!

இரண்டாவது இ13, யமஹா 650 இரண்டையும் இரண்டு வாரம் வீட்டுக்குக் கொடுத்தார்கள். வங்கி அட்டையில் முழுத் தொகையைப் பிடித்து வைத்துக்கொண்டுதான். ஒரு நாளைக்கு ஒவ்வொன்றிலும் இருபது நிமிடத்துக்கு மேல் ஊதக் கூடாது என்று கையெழுத்தும் வாங்கினார்கள். 650 எல்லா ஸ்வரத்திலும் சமமாக, சுருதியிலும் ஒரு படி துல்லியமாகவே இருந்தது. சுருதி ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுத்திருந்தால் அதுதான். ஆனால் வலது கைச் சுண்டுவிரல் கீகள் மகளுக்கு இ13-இல்தான் தடுமாறாமல் கிடைத்தன. பள்ளி ஆர்க்கெஸ்ட்ராவில் உட்கார்ந்து ஊதிவிட்டு வந்தும் அதையே சொன்னாள். டீச்சரும் முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்டுவிட்டு, "எதை எடுத்தாலும் தப்பில்லை, அவளைக் கேளுங்கள்" என்றார். கேட்டோம். இ13.

பணம் கட்டும் வழி ஒன்று இருக்கிறது, பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. பிள்ளை அரசுப் பள்ளியில் படித்து, அந்தப் பள்ளி வழியாகவே வாத்தியம் கற்றால், உதவியோடு வாத்தியம் வாங்கும் திட்டம் ஒன்றில் வாட் வரி இல்லாமல் வாங்கலாம். பள்ளி தன் பெயரில் வாங்கி, நம்மிடம் வரியில்லாத விலையை வசூலித்துக்கொள்ளும். வரி இருபது சதவிகிதம், அதாவது கடையில் எழுதியிருக்கும் விலையில் ஆறில் ஒரு பங்கு மிச்சம். எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. முதல் இரண்டு வாரம், அப்படி ஒரு திட்டமே கிடையாது என்று அலுவலகத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இசை ஆசிரியர் போய்ப் பேசிய பிறகு படிவம் தானாகக் கிடைத்தது. எங்கள் இ13-ஐக் கடைக்காரர் அதுவரை மகள் பெயர் எழுதிய சீட்டோடு எடுத்து வைத்திருந்தார்.

வந்தது நவம்பர் கடைசியில். புது மரத்துக்கு இதைவிட மோசமான காலம் கிடையாது. உள்ளே மூச்சின் சூடும் ஈரமும், வெளியே ஹீட்டர் போட்டுக் காய்ந்த காற்று. உள்பக்கம் விரிய, வெளிப்பக்கம் சுருங்க, நடுவில் மரம் பிளக்கிறது. முதல் வாரம் நாளுக்குப் பதினைந்து நிமிடம், பிறகு வாரத்துக்கு ஐந்தைந்து நிமிடமாகக் கூட்டினோம். ஊதுமுன் மேல் பாகத்தை ஸ்வெட்டருக்குள் வைத்துச் சூடாக்குவாள். ஊதி முடித்ததும் துணியை இழுத்துத் துடைப்பாள், இணைப்பு முனைகளைக் கூட விடுவதில்லை. அறையில் ஈரப்பத மானி ஒன்று வைத்தேன். முதல் நாள் முப்பத்திரண்டு சதவிகிதம் காட்டியது. பெட்டிக்குள் ஈரப்பதப் பை போட்டு, ஹீட்டரைக் குறைத்து, நாற்பத்தைந்துக்குக் கொண்டுவந்தோம். நாங்கள் மூவரும் வீட்டுக்குள் சால்வையோடு திரிந்தோம். ஒரு நாள் மேல் பாகமும் கீழ் பாகமும் கழலவே இல்லை. ஈரத்தில் மரம் உப்பியிருந்தது. நான் முறுக்கப் போனேன், மகள் கையைத் தட்டிவிட்டாள். அரைமணி நேரம் அப்படியே வைத்திருந்தால் தானாக விடும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறாராம். விட்டது.

டிசம்பரில் கடைத்தெருவில் பள்ளிக் குழுவின் கிறிஸ்துமஸ் கேரல். வெளியில் மூன்று டிகிரி. மற்ற பிள்ளைகளின் அப்பாக்களுக்குப் புதுக் கிளாரினெட்டைக் காட்டலாம் என்று நான் பெட்டியைத் தூக்கினேன். "அப்பா, அதைக் கீழ வைங்க" என்று சொல்லிவிட்டு, படுக்கைக்கு அடியிலிருந்து பழைய யமஹாவை எடுத்து, பி45-ஐ மட்டும் அதில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.