படிவத்தின் கடைசிப் பக்கம்

பல நாடுகளில் ஒரே காலத்தில் எடுக்கப்படும் கருத்துக்கணிப்புகளின் வினாப்பட்டியல் பக்கம் பக்கமாக நீளும். அதன் கடைசிப் பக்கம் மட்டும் பதில் சொல்பவருக்கு உரியதன்று. பேட்டி முடிந்து, நன்றி சொல்லிவிட்டு வாசலைத் தாண்டி வந்த பிறகு களப்பணியாளர் தாமே நிரப்ப வேண்டியது. பேட்டியின்போது அருகில் யாராவது இருந்தார்களா, பதில் சொல்லுமுன் அவர்களிடம் கேட்டுக்கொண்டாரா, எந்த மொழியில் பேசினார், தயங்கினாரா, சலித்துக்கொண்டாரா என்பன போன்ற குறிப்புகள் அதில் இடம்பெறும். ஜனநாயகத்தைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அளக்கும் ஆய்வுகளில் முதலில் களப்பணியாளனாகவும், பின்னர் கள மேற்பார்வையாளனாகவும், இப்போது தரவுகளைச் சரிபார்ப்பவனாகவும் பணிபுரிந்துவரும் நான், எந்த நாட்டின் கோப்பு வந்தாலும் அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். மற்றப் பக்கங்களில் கருத்து இருக்கிறது. அந்தக் கருத்து எந்தச் சூழலில், யார் காது கேட்கச் சொல்லப்பட்டது என்பது இங்கேதான் இருக்கிறது. நாடுகளை ஒப்பிடும் அட்டவணை அச்சாகும்போது இந்தப் பக்கம் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது என்பதே இத்துறையைக் குறித்து எனக்குள்ள முதன்மையான மனக்குறை.

இவ்வகை ஆய்வுகளுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. ஐரோப்பிய நாடுகளில் எடுக்கப்படும் யூரோபாரோமீட்டர் 1970களில் தொடங்கியது. உலக விழுமியங்கள் ஆய்வு 1981இல் தொடங்கியது. இராணுவ ஆட்சிகள் விலகிய பின் லத்தீன் அமெரிக்காவில் 1995 முதல் லத்தினோபாரோமெத்ரோவும், ஆப்பிரிக்காவில் 1999 முதல் ஆப்ரோபாரோமீட்டரும், அதையடுத்து ஆசியன் பாரோமீட்டரும் வந்தன. தென்னாசியாவில், தில்லியிலுள்ள சிஎஸ்டிஎஸ் என்ற சமூக ஆய்வு நிறுவனம் மற்ற நாடுகளின் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2004, 2005 ஆண்டுகளில் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளில் எடுத்த ஆய்வு 2008இல் அறிக்கையாக வெளிவந்தது. கண்டங்கள் வேறானாலும் இவற்றில் பலவற்றுக்குப் பொதுவான ஒரு கேள்வி உண்டு. ‘எந்த ஆட்சிமுறையைவிடவும் ஜனநாயகமே மேலானது’, ‘சில சூழல்களில் சர்வாதிகார ஆட்சி மேலானதாக இருக்கலாம்’, ‘என்னைப் போன்றவர்களுக்கு எந்த ஆட்சியானாலும் ஒன்றுதான்’ என்ற மூன்று கூற்றுகளுள் உங்கள் கருத்துக்கு நெருக்கமானது எது என்பதே அது.

ஐந்து நாட்டு ஆய்வில் மற்ற நான்கு நாடுகளிலும் பெரும்பான்மையினர் முதல் கூற்றைத் தேர்ந்தெடுத்திருக்க, பாகிஸ்தானில் மட்டும் கருத்துச் சொன்னவர்களுள் பாதிக்கு நெருக்கமானவர்கள் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அப்போது அங்கே, 1999இல் இராணுவப் புரட்சியின் வழியாக ஆட்சியைப் பிடித்த முஷாரஃப் அதிபராக இருந்தார். ‘எந்த ஆட்சியானாலும் ஒன்றுதான்’ என்பது மாறி மாறி வந்த ஆட்சிகளைக் கண்டு அலுத்துப்போனவர் சொல்லும் பதிலாகவும் இருக்கலாம்; எதற்கு வம்பு என்று பட்டும் படாமலும் நழுவுபவர் சொல்லும் பதிலாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. அட்டவணையில் இரண்டும் ஒரே கட்டத்தில்தான் விழும்.

பயிற்சி வகுப்பில் மாதிரி என்றால் என்ன என்று கேட்டால், ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று யாராவது ஒருவர் தவறாமல் சொல்லிவிடுவார். நல்ல பதில்தான், ஆனால் அடிப்பிடித்தது எது, வேகாதது எது என்பது எந்தப் பருக்கையை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆகவே அந்தப் பருக்கையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை களப்பணியாளருக்குக் கிடையாது. இந்தியாவில் வாக்காளர் பட்டியல் கைக்கு எட்டுவதால், தொகுதி, வாக்குச்சாவடி என்று இறங்கி, பட்டியலில் குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒரு பெயராக எடுக்கிறோம். அந்தப் பெயருக்குரியவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார் என்றால் அப்படியே எழுத வேண்டுமே தவிர, திண்ணையில் சும்மா இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்துக் கேட்கக் கூடாது. நம்பத்தகுந்த பட்டியல் இல்லாத நாடுகளில் வீடுகளை எண்ணிக்கொண்டே நடந்து, தேர்ந்த வீட்டில் யாரிடம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்குவது போன்ற ஒரு முறையால் முடிவுசெய்கிறார்கள். இத்தனை கட்டுப்பாட்டோடு ஆளைத் தேர்ந்த பிறகும், பதில் அவருடையதுதானா என்ற கேள்வி மிஞ்சி நிற்கிறது.

விழுப்புரம் பக்கத்து ஊர் ஒன்றில் மேற்பார்வைக்காக உடன் போயிருந்தேன். பட்டியலில் வந்தது ஒரு பெண்ணின் பெயர். கணவர் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு, “அவளுக்கு என்னங்க தெரியும், எங்கிட்ட கேளுங்க” என்றார். எங்கள் களப்பணியாளர் அனுபவமுள்ள பெண். கணவரிடம் மரியாதையாக விதியைச் சொல்லிவிட்டு, அம்மாவிடமே கேள்விகளைத் தொடங்கினார். பாதிக் கேள்விகளுக்கு அந்த அம்மா கணவரின் முகத்தைப் பார்த்தார். மீதிக்கு, “அவரு சொல்றதுதான்” என்றார். நடுவில் மும்முனை கரண்ட் வந்துவிட்டதென்று யாரோ தெருவில் குரல் கொடுக்க, கணவர் மோட்டார் கொட்டகைக்கு ஓடினார். அப்போது கேட்கப்பட்டது, தேர்தல், சட்டமன்றம் என்றெல்லாம் கவலைப்படாத வலுவான ஒரு தலைவர் நாட்டை நடத்துவது நல்லதா என்ற கேள்வி. அந்த அம்மா யாரையும் பார்க்காமல், “நூறு நாள் வேலைக்குக் காசு வரலைன்னா இப்ப பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுல போயி நிக்கிறோம். யாரையும் கேக்காம நடத்துற ஆளுன்னா யாருகிட்ட போயி நிக்கிறது?” என்று கேட்டுவிட்டு, கூடாது என்பதற்கான பதிலை அழுத்திச் சொன்னார். கடைசிப் பக்கத்தில், ‘கணவர் பாதிவரை உடனிருந்தார்’ என்று பதிவாயிற்று. அந்த ஒரு வரி இல்லையென்றால், ஒரே படிவத்தின் முன்பாதியையும் பின்பாதியையும் ஒரே மனுஷியின் ஒரே குரலாகத்தான் கணினி எண்ணிக்கொள்ளும்.

ஆப்ரோபாரோமீட்டர் தன் பேட்டியின் முடிவில், எங்களை யார் அனுப்பியதாக நினைக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்கும். தொடக்கத்திலேயே இது சுயேச்சையான ஆய்வு என்று சொல்லியிருந்தும் அரசாங்கம் அனுப்பியது என்று பதில் சொல்வோர் பலர். அப்படி நினைப்பவர்களிடம் ஆட்சியாளர்களுக்கு ஆதரவான பதில் சற்றுக் கூடுதலாக வருவதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். என் பார்வையில், இவ்வாய்வுகள் அனைத்திலும் கேட்கப்படும் கேள்விகளிலேயே கூர்மையானது இதுதான். தமிழ்நாட்டில் டேப்லெட்டோடு தெருவில் நுழைந்தால், “உரிமைத்தொகைக்கா வந்திருக்கீங்க?” என்று அரசின் உதவித்தொகையை மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள், அப்படி நம்பிவிட்டவர் அரசைப் பற்றிக் குறை சொல்லத் தயங்குவார், அல்லது இதுதான் சமயமென்று குறையை மட்டுமே கொட்டுவார். யாழ்ப்பாணத்தில் இதே ஐயம் வேறு நிறத்தில் வரும். வடமராட்சியில் ஒரு பெரியவர் எங்கள் உள்ளூர்ப் பணியாளரிடம், “பிள்ளை, விதானையாரோ உங்களை அனுப்பினவர்?” என்று கிராம அலுவலரைக் குறித்துக் கேட்டு, இல்லை என்று தெரிந்த பின்னும் அடையாள அட்டையைக் கண்ணருகே வைத்து வாசித்தார். தேர்தல், விலைவாசி எல்லாவற்றுக்கும் விரிவாகப் பதில் சொன்னவர், இராணுவத்தின்மீது நம்பிக்கை எவ்வளவு என்ற கேள்வி வந்ததும் வாசற் படலைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, “அதை விடுங்கோ, அடுத்ததைக் கேளுங்கோ” என்றார்.

அவருடைய அந்தப் பதிலுக்கு ஒரு குறியீடு உண்டு: பதிலளிக்க மறுப்பு. ‘தெரியாது’ என்பதற்கு வேறு குறியீடு. களத்தில் நாங்கள் கவனமாகப் பிரித்து எழுதும் இவ்விரண்டும் அறிக்கைக்குப் போகும் வழியில் ‘கருத்தில்லை’ என்ற ஒரே பெயரில் சேர்ந்து, பிறகு கணக்கிலிருந்தே நீங்கிவிடுவதுண்டு. அதன் விளைவைப் பயிற்சி வகுப்பில் ஒரு கற்பனைக் கணக்கால் காட்டுவது என் வழக்கம். நூறு பேரில் 45 பேர் ஜனநாயகமே மேல் என்கிறார்கள், 25 பேர் மற்ற இரண்டு கூற்றுகளுள் ஒன்றைச் சொல்கிறார்கள், 30 பேர் எதுவும் சொல்லவில்லை என்று வைத்துக்கொண்டால், எல்லோரையும் எண்ணும்போது ஆதரவு 45 விழுக்காடு. பேசியவர்களை மட்டும் எண்ணினால் அதே ஆதரவு 64 விழுக்காடு. பக்கத்து நாட்டில் பேசாதவர்கள் வெறும் ஐந்து பேர் என்றால், இந்த இரண்டு நாடுகளையும் ஒரே அட்டவணையில் வரிசைப்படுத்துவதற்குப் பொருளே இல்லை. பேசாதவர்களுள் பெண்களும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும், சிறுபான்மையினரும் அதிகமாக இருக்கும்போது, அவர்களை விட்டுவிட்டு எண்ணுவது யாருடைய கருத்தை ‘நாட்டின் கருத்து’ ஆக்குகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் எல்லா முரண்பாட்டுக்கும் அச்சமே காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. அளவுகோலே ஆளுக்கு ஆள் மாறும். அரசின் முடிவுகளில் உங்களுக்கு எவ்வளவு செல்வாக்கு உண்டு என்று சீனாவிலும் மெக்சிகோவிலும் கேட்டபோது, சீனர்களே கூடுதலான செல்வாக்கு இருப்பதாகச் சொன்னார்கள். மெக்சிகோவிலோ 71 ஆண்டுகள் ஆண்ட கட்சியை 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் மக்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அரசியல் அறிவியலாளர் கேரி கிங்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். ஊரில் குடிதண்ணீர் இல்லை; ஒருவர் எதிர்க்கட்சி வேட்பாளருக்காக வேலை செய்கிறார், இன்னொருவர் எதுவும் செய்ய முடியாமல் பொறுத்துக்கொண்டிருக்கிறார் என்பது போன்ற சிறு கதைகளைச் சொல்லி, இவர்களுக்கு எவ்வளவு செல்வாக்கு என்று அதே அளவுகோலில் மதிப்பிடச் சொல்ல வேண்டும். தம்மையும் கதை மாந்தரையும் ஒரே ஆள் எடைபோட்ட பிறகு ஒப்பிட்டபோது, சீனாவும் மெக்சிகோவும் இடம் மாறிக்கொண்டன. ஆசியன் பாரோமீட்டரில் ஜப்பானியர்களைவிடச் சீனர்களும் வியட்நாமியர்களும் தங்கள் அரசின்மீது அதிக நம்பிக்கை தெரிவிப்பதைச் செய்தியாக வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கட்டுரை நினைவுக்கு வரும்.

மறுபக்கமும் உண்டு. 2015இல் ரஷ்யாவில் புதினுக்கான ஆதரவை, பெயரை நேரடியாகச் சொல்லத் தேவையில்லாதபடி, ஒரு பட்டியலில் உள்ள தலைவர்களுள் எத்தனை பேரை ஆதரிக்கிறீர்கள் என்று எண்ணிக்கை மட்டும் கேட்டு, புதின் பெயர் உள்ள பட்டியலைப் பெற்றவர்களுக்கும் அது இல்லாத பட்டியலைப் பெற்றவர்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கொண்டு அளந்தார்கள். நேரடிக் கேள்வியில் 80 விழுக்காட்டை நன்றாகத் தாண்டியிருந்த ஆதரவு, இம்முறையிலும் ஏறத்தாழ 80 விழுக்காடாகவே இருந்தது. கடுமையான ஆட்சியின்கீழ் வரும் ஆதரவெல்லாம் பொய் என்று முன்கூட்டியே முடிவுகட்டுபவரும், எண் வந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு அச்சிடுபவரும் செய்வது ஒரே சோம்பல்தான்.

இலங்கையைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கல் எளிய கணக்கிலேயே இருக்கிறது. நாடு முழுவதற்கும் 1200 பேர் என்பது வழக்கமான மாதிரி அளவு. அதில் பிழை வரம்பு, அதாவது கிடைத்த விழுக்காடு உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு, மூன்று புள்ளிகளுக்குள் அடங்கும். ஆனால் 2012 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் சுமார் 11 விழுக்காடான இலங்கைத் தமிழர்கள் அந்த 1200இல் 130 பேர் அளவில்தான் வருவார்கள். அவர்களை மட்டும் பிரித்துப் பேசினால் பிழை வரம்பு எட்டு ஒன்பது புள்ளிகளாக விரிந்துவிடும். மலையகத் தமிழர்கள் ஐம்பது பேர் தேறுவதே அரிது. தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புகளிலிருந்து வந்த ஐம்பது படிவங்களை வைத்துக்கொண்டு ‘மலையக மக்கள் கருதுகிறார்கள்’ என்று எழுதும் துணிவு எனக்கு இல்லை. அப்பகுதிகளில் கூடுதலாகப் பேட்டி எடுத்து, நாட்டு அளவிலான கணக்குக்கு எடையைக் குறைத்துச் சேர்ப்பதே தீர்வு. அதற்குப் பணம் வேண்டும் என்பதால் நிதிநிலைக் கூட்டத்தில் முதலில் வெட்டப்படுவதும் அதுதான். போர்க்காலத்தில் எடுக்கப்பட்ட கணிப்புகள் பலவற்றில் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் மாதிரியிலேயே சேரவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த ஆண்டுகளின் ‘இலங்கை’ என்ற வரிக்கு எதிரே உள்ள எண்ணை நான் எப்போதும் அடிக்குறிப்போடுதான் வாசிக்கிறேன்.

கோவிட் காலத்தில் வீடு வீடாகப் போக முடியாமல் பல ஆய்வுகள் தொலைபேசிக்கு மாறின. செலவு குறைந்ததால் சில அங்கேயே தங்கிவிட்டன. தொலைபேசியில் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் கணவரும் தெரியமாட்டார், படலைக்கு வெளியே நிற்பவரும் தெரியமாட்டார். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறீர்களா, தனியாக இருக்கிறீர்களா என்று கேட்கும் இரண்டு கேள்விகளை எங்கள் படிவத்தில் சேர்த்திருக்கிறோம். பேட்டி நீளுகிறது என்று அவற்றை நீக்கச் சொல்லி ஒவ்வொரு சுற்றிலும் கடிதம் வருகிறது. வினாப்பட்டியலில் வேறு எதை எடுத்தால் அந்த அரை நிமிடம் மிச்சமாகும் என்று ஒரு பட்டியல் தயாரித்து நான் பதில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.