ஒன்ராறியோவில் ஒரு இடியன் துவக்கு

“துவக்கா? அதுக்குப் பயந்துதானே இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள்?”

விண்ணப்பப் படிவத்தை நீட்டியதும் மனைவி கேட்டது இது. கனடாவில் துவக்கு உரிமம் கேட்பவருக்குத் துணை இருந்தால் அவரும் கையெழுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அவருக்கு அறிவித்தல் போகும். இரண்டு கிழமை அந்தப் படிவம் ஃபிரிட்ஜுக்கு மேல் கிடந்தது. அப்புறம் ஒரு நாள், ஒன்றும் பேசாமல் கையெழுத்து வைத்துத் தந்தா.

நான் ஆசைப்பட்டது போர்த் துவக்குக்கு இல்லை. வன்னியில் அப்பப்பா வயல் காவலுக்கு ஓர் இடியன் வைத்திருந்தார். குழல் வாயால் மருந்தைக் கொட்டி, தும்பு அடைத்து, சன்னம் போட்டு, கம்பியால் இடிப்பார். இடிப்பதால் இடியன். பன்றிக்கு என்று சொல்லுவார். வெடி போவது பெரும்பாலும் வானத்துக்குத்தான். இங்கே மான் வேட்டைக்குப் போகும் வேலைத்தளத்து நண்பர் ஒருவர், ஒன்ராறியோவின் சில பகுதிகளில் வில்லுக்கும் இடியனுக்கும் மட்டுமே தனிப் பருவம் உண்டு என்றபோது எனக்குப் பழைய வயல் ஞாபகம் வந்துவிட்டது.

ஒரு நாள் பாதுகாப்பு வகுப்பு, எழுத்துப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை, இரண்டிலும் 80 வீதம். முதல் தடவை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு. வேட்டைக்கு வேறு வகுப்பு. சரி, அது எல்லாருக்கும் உள்ளது.

சிக்கல் கடையில்தான் தொடங்கியது. சக்கிமுக்கிக் கல்லால் பொறி பறக்கும் ஃபிளின்ட்லொக்கின் மேல்தான் முதலில் கண் போனது. அதிலும் பழைய அமெரிக்க நீளத் துவக்கின் நகல், குழல் மட்டும் 42 அங்குலம். நான் ஐந்தடி நாலு அங்குலம். நிலத்தில் ஊன்றினால் குழல் வாய் என் மூக்குக்கு நேரே நிற்கிறது. மருந்து போட்ட துவக்கின் வாய்க்கு மேல் முகத்தை வைத்துக்கொண்டு இடிப்பதா? திருப்பிக் கொடுத்துவிட்டேன். இத்தனைக்கும் இந்த நாட்டுச் சட்டத்தில் ஃபிளின்ட்லொக் நீளத் துவக்கின் நகல் பழம்பொருள் கணக்கு. வைத்திருக்க உரிமமே வேண்டாம். சுத்தியல் அடித்ததும் பொறி தருகிற சின்னச் செப்புத் தொப்பி வைத்து வெடிக்கும் நகலுக்கு வேண்டும். மனைவிக்கு இதை நான் இன்னும் சொல்லவில்லை.

இன்லைன் என்ற புது வகையில் பொறி மருந்துக்கு நேர் பின்னாலிருந்து போகும், தொலைநோக்கி பூட்டலாம், மழைக்கும் அவ்வளவு பயமில்லை. மான்தான் குறி என்றால் அதை வாங்குவதே புத்தி. ஆனால் அதைக் கையில் எடுத்தபோது இடியன் மாதிரியே இல்லை. கடைசியில் செப்புத் தொப்பி வகையில், 28 அங்குலக் குழலோடு ஒரு .50, அதாவது அரை அங்குல வாயுள்ளது, வாங்கினேன். குண்டைச் சுழற்றக் குழலுக்குள் வெட்டியிருக்கும் உள்வரி 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று. துணி சுற்றிய ஈய உருண்டை மட்டும் சுடுபவர்கள் 60, 66 என்று மெதுவான சுற்றைத் தேடுவார்கள், நீளக் குண்டுக்காரர் 28 என்ற வேகமான சுற்றை. 48 நடுவிலே நிற்கிறது. புதியவனுக்கு அது போதும்.

சுடுதளத்தில் முதல் நாளே மானம் போனது. பக்கத்துக் கிழவரோடு கதைத்தபடி உருண்டையை இடித்து இறக்கினேன். தொப்பி மட்டும் ‘டிக்’ என்றது. திரும்பவும் ‘டிக்’. மருந்து போடவே இல்லை! கிழவர் சிரிக்கவில்லை. தொப்பி மாட்டும் குமிழைக் கழற்றி, அந்தத் துளைக்குள் நுண்மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினார். குமிழைப் பூட்டி, உருண்டையை மறுபடி கம்பியால் இறுக்கி, மணல் மேட்டைப் பார்த்துச் சுடச் சொன்னார். ‘புஸ்’ என்று போய் விழுந்தது. இப்போது என் கம்பியில் இரண்டு கோடுகள் கீறியிருக்கிறேன்: வெறுங்குழலுக்கு ஒன்று, மருந்தும் குண்டும் இருந்தால் ஒன்று.

கரிமருந்தின் கழிவு ஈரத்தை இழுக்கும், குழல் துருப்பிடிக்கும். சுட்ட அன்றே கழுவ வேண்டும். குளியலறையில் வாளி வைத்து, சவர்க்காரம் கலந்த சுடுதண்ணியைக் குழலுக்குள் ஊற்றினேன். கறுப்பாக ஓடியது, வீடு முழுக்கக் கூழ்முட்டை மணம். மனைவி வாசலில் வந்து நின்று கையிலிருந்ததைப் பார்த்தா.

“அது தேத்தண்ணிக் கேத்தில். உங்கட துவக்குக்கு வேற ஒன்று வாங்குங்கோ.”