வில்பத்து நாட்குறிப்பு: பாலைப்பழக் காலம்

ஜூன் 7, 2025, சனி

விடிய 3 மணிக்கு வவுனியாவிலிருந்து வெளிக்கிட்டோம், நானும் மச்சானும். செவ்வாய்க்கிழமை பௌத்தர்களின் போசன் பௌர்ணமி என்பதால் அனுராதபுரத்தில் அந்த நேரத்திலேயே வெள்ளை உடுப்போடு சனம், றோட்டோரம் எல்லாம் இலவசமாகச் சாப்பாடு கொடுக்கிற தன்சல் கொட்டில்கள், புத்தளம் றோட்டுக்குத் திரும்பிய பிறகுதான் வாகனம் ஒழுங்காக ஓடியது. வில்பத்து தேசிய பூங்காவின் ஹுனுவில்கம வாசல் 6 மணிக்குத் திறக்கும். 5.30-க்கே வரிசையில் நின்றோம், எங்களுக்கு முன்னால் ஏற்கெனவே ஒன்பது ஜீப்.

எங்களைக் கூட்டிப்போகிறவர் அந்தப் பக்கத்து ஆள், ஐம்பது வயது தாண்டியிருக்கும். சொந்த ஜீப். படம் எடுக்க வருகிறவர்களை மட்டும்தான் ஏற்றுவார், அதுவும் மூன்று பேருக்கு மேல் இல்லை, ஏனென்றால் மிருகம் எந்தப் பக்கம் வந்தாலும் ஆளுக்கு ஒரு ஓரம் வேண்டும். நான் அவரை ஐயா என்று கூப்பிடுகிறேன். சிங்களத்தில் அது அண்ணன், தமிழில் மரியாதை, இரண்டுமே அவருக்குப் பொருந்தும். அவருக்கு நான் மல்லி. என் சிங்களத்தையும் அவருடைய தமிழையும் சேர்த்தால் எல்லாம் கதைத்துவிடலாம். முக்காலியை வாசலிலேயே காரில் வைத்துவிடச் சொல்லி, அரிசி நிரப்பிய இரண்டு துணிப்பைகளைத் தந்தார். ஜீப் கம்பியில் பையைப் போட்டு அதன் மேல் லென்ஸை வைத்தால் கை நடுங்காது.

காலை முழுக்க ஒன்றும் இல்லை என்று எழுதினால் பொய். மஞ்சள்மூக்கு நாரை, முதலை, தாமரை இலை மேல் நடக்கிற இலைக்கோழி, ஒரு வில்லின் (இங்கே இயற்கைக் குளத்தை வில்லு என்பார்கள்) வெள்ளை மணலில் இருபது இருபத்தைந்து புள்ளிமான். ஆனால் என் மனம் சிறுத்தையில்தான் இருந்தது. 10 மணியளவில் எதிரே வந்த ஜீப்காரர் கையால் சைகை காட்டினார், எல்லா ஜீப்பும் அந்தப் பக்கம் பறந்தன. மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்ற விதியை ஒருவரும் நினைக்கவில்லை. நாங்கள் போய்ச் சேரும்போது ஒரு வளைவில் பன்னிரண்டு பதின்மூன்று வாகனம், நடுவே எங்கேயோ சிறுத்தை. ஐயா தூரத்தில் நிப்பாட்டினார். கிட்டப் போகச் சொல்லிக் கேட்டேன், கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவர் இயந்திரத்தை நிறுத்தித் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். முன்னால் நின்ற ஒரு ஜீப் இன்னும் கொஞ்சம் இடம் பிடிக்கப் பார்த்து மிருகம் போகிற பாதையையே மறித்தது, சரி, அவ்வளவுதான், பற்றைக்குள் போய்விட்டது. எனக்கு ஒரு படமும் இல்லை. காட்டுக்குள் இறங்க விடுகிற இடமான மரதன்மடுவவில் இறங்கிச் சாப்பிட்டபோதும் நான் அவரோடு சரியாக முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். 9.30-க்குப் பிறகு வில்லுக்கு அக்கரையில் எடுத்தது ஒன்றும் தேறவில்லை, மான் எல்லாம் தண்ணீருக்குள்ளால் பார்த்த மாதிரி நெளிகின்றன. லென்ஸில் பிழை இல்லை. மணல் சூடேறி, அதற்கு மேலுள்ள காற்று ஆடுகிறது, எத்தனை இலட்சம் கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் அதை வெல்ல முடியாது. கிட்ட இருப்பதை எடு, இல்லாவிட்டால் பின்னேரம் 4 மணி வரைக்கும் பொறு, இதை ஐயா நேற்றே சொன்னவர். நான் கேட்கிற நிலையில் இருக்கவில்லை.

ஜூன் 14, சனி

இன்றைக்கு நடந்ததை இன்றைக்கே எழுத வேண்டும்.

வாசல் திறந்ததும் மற்ற ஜீப்கள் நேரே ஓட, ஐயா ஒரு கிளைப் பாதையில் திரும்பிக் கால் மணி நேரம் போய், மருதமரங்கள் நிற்கிற இடத்தில் நிப்பாட்டினார். இயந்திரம் நின்றது. "கேள் மல்லி." வேறு ஒன்றும் சொல்லவில்லை. வில்பத்து, யால பூங்கா மாதிரி வெட்டை இல்லை, பாதைக்கு இரண்டு பக்கமும் காடு அடைத்துக்கொண்டு நிற்கும், பத்து அடிக்கு உள்ளே யானை நின்றாலும் தெரியாது. கண்ணை நம்பி இந்தக் காட்டில் வேலை இல்லை என்பதை அரை மணி நேரம் சும்மா இருந்த பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

முதலில் ஒரு மான் கூவியது, கூர்மையாக, ஒரே ஒரு தரம். நான் கமராவைத் தூக்கினேன், ஐயா தலையை ஆட்டினார். ஒரு மான் ஒரு தரம் கத்துவது எதற்காகவும் இருக்கலாம், காய்ந்த கொப்பு விழுந்தால்கூடக் கத்தும். பிறகு மரத்து மேலிருந்து மந்தி, தொண்டை காறுகிற மாதிரி ஒரு வறட்டுச் சத்தம், விட்டு விட்டு. அது உயரத்தில் இருந்து நேரே பார்த்துவிட்டுச் சொல்கிறது, ஆகவே அதை நம்பலாம். வெளியில் நின்ற மான்கள் எல்லாம் வாலைத் தூக்கி, முன்னங்காலால் நிலத்தைத் தட்டி, ஒரே திசையைப் பார்த்தன. ஐயா இயந்திரத்தைத் தொடவே இல்லை. நாங்கள் நின்ற இடத்துக்குத்தான் அது வரும் என்று எப்படித் தெரியும் என்று பிறகு கேட்டேன், மந்தியின் சத்தம் மரம் மரமாக எங்கள் பக்கம் நகர்ந்ததைக் கவனிக்கவில்லையா என்று திருப்பிக் கேட்டார்.

"கொட்டியா." மூச்சு அளவில்தான் சொன்னார்.

சிங்களத்தில் சிறுத்தைக்கும் புலிக்கும் அதே சொல்தான். வவுனியாவில் என் வயதுக்காரருக்கு அந்தச் சொல் என்ன சொல் என்று விளக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில் பஸ்ஸால் இறக்கி வெயிலில் வரிசையாக நிற்க வைத்து, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, நீ புலியா என்று எங்களைக் கேட்ட சொல். இன்றைக்கும் வயிறு ஒரு கணம் இறுகியது, கையும்தான். பிறகு பாதையில் அது இறங்கியது. முப்பது மீற்றர் இருக்கும். ஆண் சிறுத்தை, அகன்ற கழுத்து, எங்களை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தன் பாட்டில் நடந்தது, ஒரு மருதமரத்தடியில் வாலை உயர்த்தி மணம் விட்டது, அடுத்த பக்கம் இறங்கிப் போனது. முழுக்க இரண்டு நிமிடமும் இல்லை. 

வெளிச்சம் குறைவு என்பதால் கமராவின் ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 3200-இல் வைத்து, ஷட்டர் வேகத்தை ஐந்நூறில் ஒரு செக்கனுக்குக் குறைய விடாமல் எடுத்தேன். இரண்டு பக்கமும் எடு என்று ஐயா முன்கூட்டியே சொல்லியிருந்தார். புள்ளிகள் நம் கைரேகை போல, ஒன்றுக்கு இருக்கிற மாதிரி இன்னொன்றுக்கு இராது, இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட வேறு வேறு. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அடுத்த முறை மறுபக்கம் தெரியும்போது ஆள் யார் என்று சொல்ல முடியாது. எனக்கு இடப்பக்கம் தெளிவு, வலப்பக்கம் அது இறங்கும்போது பாதிதான்.

இரவு வீட்டில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன். இலங்கைச் சிறுத்தையின் அறிவியல் பெயரிலேயே இருக்கிறது: பாந்தெரா பார்டஸ் கொட்டியா. 1956-இல் இலங்கை விலங்கியலாளர் தெரணியகல வைத்த பெயர். நான் பயந்து நடுங்கிய சொல்லை அதற்கு எத்தனையோ வருடம் முன்பே ஒருவர் இந்த மிருகத்துக்கு எழுதி வைத்திருக்கிறார். படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

இந்த வாரம் போகவில்லை, மச்சானுக்குக் காய்ச்சல், தனிய ஜீப்புக்குக் கொடுக்கக் காசு இல்லை.

போன தரம் ஐயா சாப்பிடும்போது சொன்னதை எழுதி வைக்கிறேன். 1938-இல் தேசிய பூங்காவான இந்தக் காடு 1988 முதல் 2003 வரை போரால் பூட்டியிருந்தது. திறந்த பிறகு 2006-இல் கண்ணிவெடியில் பார்க்க வந்தவர்கள் செத்தார்கள், மறுபடி பூட்டு, 2010-இல்தான் திரும்பத் திறந்தார்கள். அவர் இளவயதில் பழகிய பாதைகள் எல்லாம் அதற்குள் காடேறிவிட்டன. அந்த வருடங்களில் நாங்கள் இங்கே வருவதை நினைத்தும் பார்த்ததில்லை. வவுனியாவிலிருந்து இரண்டரை மணி நேரம்தான்.

ஜூன் 28, சனி

கரடி!

பாலை பழுத்துவிட்டது. பாதை முழுக்க மஞ்சள் பழம் கொட்டிக் கிடக்கிறது, பன்றி, மான், மந்தி, மயில் எல்லாம் அதன் கீழேதான். ஐயா இன்றைக்கு வில்லுப் பக்கமே போகவில்லை, ஒவ்வொரு பாலை மரத்தடியிலும் நிப்பாட்டி முதலில் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார். கரடிக்குப் பார்வை மட்டு, மூக்குத்தான் எல்லாம். மச்சான் பூசியிருந்த வாசனைத் திரவியத்துக்கு நல்ல ஏச்சு வாங்கினான்.

மூன்றரை மணிக்குக் கொப்பு முறிகிற சத்தம். இப்போது நானே முதலில் கேட்டேன், ஐயாவின் தோளைத் தொட்டேன். மரத்தின் பாதி உயரத்தில் ஒரு கறுப்புக் குவியல், நீளமான நகங்களால் கொப்பை வளைத்து வாயால் பழத்தை உறிஞ்சுகிற சத்தம் கீழே வரைக்கும் கேட்டது. எடுத்த முதல் பத்துப் படமும் வெறும் கறுப்பு உருவம், பின்னால் வானம் வெள்ளையாக இருந்தால் கமரா அதைத்தான் கணக்கில் எடுக்கும். கமராவில் வெளிச்ச அளவை ஒன்றரை ஸ்டொப் கூட்டிய பிறகு மயிர் தெரிந்தது, சாம்பல் மூக்கு தெரிந்தது, நெஞ்சில் வெள்ளை வளைவு தெரிந்தது. அதோடு நான் கமராவைப் பையின் மேல் வைத்துவிட்டேன். நாற்பது நிமிடம் இருந்தோம், வேறு ஜீப் ஒன்றும் வரவில்லை, ஐயாவும் ஒருவரையும் கூப்பிடவில்லை.

இறங்கும்போது அது பின்பக்கமாகத்தான் இறங்கியது, தென்னை மரத்தில் ஆள் இறங்குகிற மாதிரி.

திரும்பி வரும்போது வவுனியாவுக்குக் கிட்ட ஒரு அம்மா றோட்டோரம் பாலைப்பழம் வைத்திருந்தார். இரண்டு சுண்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து சேர 9 மணி. அம்மா நித்திரை கொள்ளாமல் இருந்து, உதட்டில் எண்ணெய் தடவாமல் பழத்தைத் தின்று, அதன் பாலில் உதடு ஒட்டிக்கொண்டு, கரடி எவ்வளவு பெரிசு என்று கையால் கேட்டார்.