அறிக்கையில் உறுதி சொல்லும்போது

அலுவலக ஆங்கில அறிக்கைகளைத் திருத்துகிறவர்களுக்குக் கை வலிக்க வைப்பவை உறுதியைச் சொல்லும் வினையடைகள்தான். இலக்கணம் சரியாக இருக்கும். சொன்ன உறுதி கையிலுள்ள ஆதாரத்தைத் தாண்டிப் போயிருக்கும்.

ஒரு பம்ப் பழுது அறிக்கையை எடுத்துக்கொள்வோம். சோதித்த ஒவ்வொரு முறையும் சீல் கசிந்தது என்றால் 'இன்வேரியபிலி' போதும். அது பார்த்ததைச் சொல்கிறது. பலரும் அங்கே 'இனெவிட்டபிலி' போட்டுவிடுகிறார்கள். கசியாமல் இருக்க வழியே இல்லை என்று காரணத்தை முன்வைத்து அடித்துச் சொல்வது அது. ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, இந்த வளைவை எந்த சீலும் தாங்காது என்று அளந்து காட்ட முடிந்தால் எழுதலாம். இல்லையென்றால் சப்ளையர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே முழு அறிக்கையையும் மறுப்பார். 'க்ளியர்லி' இன்னும் மோசம். அட்டவணை தெளிவாக இருந்தால் அந்தச் சொல் வேண்டாம். தெளிவாக இல்லாவிட்டால் அதைப் போட்டும் பயனில்லை.

இடம் மாறினாலும் சிக்கல். தமிழில் 'வராது' என்ற வினைக்குள்ளேயே எதிர்மறை அடங்கிவிடுவதால் 'நிச்சயம் வராது' என்பதில் குழப்பமே கிடையாது. ஆங்கிலத்தில் 'நாட்' தனியாக நின்று, பின்னால் வருவதைத் தன் பிடிக்குள் இழுத்துக்கொள்ளும். 'வில் நாட் செர்ட்டன்லி அரைவ்' என்றால் வராதா, வருவது உறுதியில்லையா என்று படிப்பவர் தடுமாறுவார். 'வில் செர்ட்டன்லி நாட் அரைவ்' என்பதே நேர். 'நாட் நெசசரிலி'யில் மட்டும் அந்தப் பிடிதான் நமக்குத் தேவை: அப்படித்தான் என்று கட்டாயமில்லை.

'ஷ்யூர்லி'யைக் கடிதத்தில் தவிர்ப்பது நல்லது. 'ஷ்யூர்லி யூ ரிசீவ்ட் தி இன்வாய்ஸ்' என்பது தகவலாக ஒலிக்காது, 'கிடைத்திருக்குமே, பிறகென்ன?' என்று அதட்டுவதுபோல இருக்கும்.

உறுதியைப் படிப்படியாக ஏற்றுவதற்கு ஐ.நா.வின் பருவநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் அறிக்கைகளைவிட நல்ல பாடம் இல்லை. அண்மைக்கால வெப்ப உயர்வில் பெரும்பகுதிக்கு மனிதரே காரணம் என்பதற்கு 2001இல் 'லைக்லி', 2007இல் 'வெரி லைக்லி', 2013இல் 'எக்ஸ்ட்ரீம்லி லைக்லி' என்று எழுதினார்கள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு: 66, 90, 95 சதவீதத்துக்கு மேல். ஆதாரம் சேரச் சேரத்தான் அடைமொழி ஏறியது. மனிதரால் புவி வெப்பமடைந்திருப்பதை ஐயத்துக்கு இடமற்றது என்று 2021இல்தான் எழுதினார்கள்.

ஒப்பந்தத்தில் இவை எதுவுமே வேண்டாம்; 'ஷல் டெலிவர்' என்றாலே கட்டாயம்தான். ஒரு பிரிவில் மட்டும் 'டெஃபனிட்லி' சேர்த்தால், மற்றப் பிரிவுகள் அவ்வளவு கட்டாயமில்லையோ என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார்.