ரூம் ஸ்ப்ரே அடிக்கும் முன் மீன் தொட்டியின் ஏர் பம்ப்பை நிறுத்துங்கள்

போன ஐப்பசியில் சென்னையில் நான்கு நாள் விடாத மழை. துவைத்த துணியெல்லாம் ஹாலில் கொடி கட்டித் தொங்கவிட்டிருந்தோம், வீடு முழுக்க ஒரே ஈர வாடை. மாலையில் விருந்தாளிகள் வருகிறார்கள் என்று ரூம் ஸ்ப்ரேயை எடுத்து ஹாலின் நான்கு மூலையிலும் தாராளமாக அடித்தேன். மழைச்சாரலுக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்தேன். எங்கள் இரண்டடி மீன் தொட்டியும் அதே ஹாலில்தான் இருக்கிறது, ஆனால் அதற்குக் கண்ணாடி மூடி உண்டு, ஒரு துளிகூட உள்ளே விழாது என்று நம்பினேன்.

அரை மணி நேரத்தில் கௌராமி இரண்டும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கப்பிகள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு ஒரு மூலையில் ஒட்டி நின்றன. விடிவதற்குள் ஆறு கப்பியும் ஒரு கௌராமியும் செத்து மிதந்தன.

கொளத்தூரில் நான் வழக்கமாக மீன் வாங்கும் கடைக்காரருக்குப் போன் செய்தேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "பம்ப்பை எங்க வெச்சிருக்கீங்க சார்?"

தொட்டிக்கு வெளியே, டிவி ஸ்டாண்டில். எல்லோர் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். அது இருபத்து நான்கு மணி நேரமும் அறையின் காற்றை உறிஞ்சிக் குழாய் வழியாகத் தண்ணீருக்குள் குமிழியாக விடுகிறது. காற்றில் ஸ்ப்ரே கலந்திருந்தால் அதையும் சேர்த்துத்தான் உள்ளே அனுப்பும், மேலே மூடி போட்டிருப்பதால் ஒரு பயனும் இல்லை. கௌராமி, ஃபைட்டர் போன்ற மீன்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. செவுள் போக, நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு இருப்பதால் அவை அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கும், அந்தக் காற்றும் நம் அறைக் காற்றுதான். அப்புறம், ஸ்ப்ரேயில் இருக்கும் எண்ணெய்ப் பொருள்கள் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் படிந்தால், ஆக்சிஜன் தண்ணீரில் கரைவதும் குறையும்.

அன்று இரவு என்ன செய்திருக்க வேண்டும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. முதலில் ஜன்னல்களைத் திறந்து அறைக் காற்றை மாற்ற வேண்டும். பிறகு தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய தண்ணீரை, தொட்டியின் சூட்டுக்கு ஒத்ததாகப் பார்த்து ஊற்ற வேண்டும். ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டால் கரைந்திருக்கும் வேதிப்பொருளில் ஒரு பகுதியை அது பிடித்துக்கொள்ளும். மேலே எண்ணெய்ப் படலம் தெரிந்தால் ஒரு டிஷ்யூ தாளைத் தண்ணீர்ப் பரப்பில் விரித்து எடுத்தாலே நிறைய ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

ரூம் ஸ்ப்ரேயைவிட எனக்கு அதிகம் பயமாக இருப்பது கொசு விரட்டி லிக்விட். ஸ்ப்ரேயை எப்போதோ ஒரு நாள் அடிக்கிறோம், இதைத் தினமும் ராத்திரி முழுக்க எரிய விடுகிறோம், அதுவும் பல வீடுகளில் தொட்டிக்குப் பக்கத்து பிளக்கிலேயே. அதில் இருக்கும் டிரான்ஸ்புளூத்ரின், பிராலெத்ரின் எல்லாம் பைரெத்ராய்டு என்ற வகைப் பூச்சிக்கொல்லிகள். மீனுக்கும் இறாலுக்கும் அந்த வகை கடும் நஞ்சு, மிகக் குறைந்த அளவே போதும். "இது மூலிகை, இயற்கையானது" என்று எழுதியிருந்தால் சரியாகிவிடும் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். பைரெத்ராய்டுகளுக்கு முன்மாதிரியே சாமந்திக் குடும்பத்துப் பூவிலிருந்து எடுத்த பூச்சிக்கொல்லிதான்.

பூனை வளர்ப்பவர்களுக்கும் இந்த "இயற்கை" என்ற வார்த்தைதான் பெரிய பொறி. வாசனையை அறையில் பரப்பும் டிஃப்யூசர் கருவியில் ஊற்றும் டீ ட்ரீ, யூக்கலிப்டஸ், புதினா, லவங்கம், ஆரஞ்சு எண்ணெய்கள் நமக்கு நல்ல வாசனை, ஆனால் அவற்றில் இருக்கும் சில பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் வேலையைப் பூனையின் கல்லீரல் நம்முடையதைப் போலச் செய்யாது. அவை உடம்பில் தங்கிவிடும். மேலும் பூனை மூச்சில் இழுப்பதோடு முடிவதில்லை, காற்றிலிருந்து ரோமத்தில் படிந்ததையும் நக்கியே உள்ளே தள்ளும். எச்சில் ஒழுகினால், நடை தள்ளாடினால், வாந்தி எடுத்தால், உடம்பு நடுங்கினால் நீங்களாக வாந்தி எடுக்க வைக்க முயலாமல், அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் அவருக்கு வேலை சுலபம்.

நாய் இருக்கும் வீட்டில் பீரோவிலும் பாத்ரூமிலும் போடும் அந்துருண்டையைக் கவனியுங்கள், விழுங்கினால் ரத்த அணுக்களையே சிதைக்கும். லவ் பேர்ட்ஸ் இருக்கும் அறையில் ஸ்ப்ரே, ஊதுபத்தி, டிஃப்யூசர் எதுவும் வேண்டாம் என்பேன். பறவையின் நுரையீரல் காற்றில் இருப்பதை நம்மைவிட வேகமாக ரத்தத்துக்குக் கொண்டுபோகிறது.

இப்போது எங்கள் வீட்டில் ஸ்ப்ரேயே இல்லை. வாடை வந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறோம், பெரும்பாலும் ஈரத் துணி, மிதியடி, பூனையின் மணல் தட்டு, இல்லையென்றால் தீனி அதிகமாகப் போட்டு அழுகிய மீன் தொட்டியேதான். படுக்கையறையில் கொசு வலை கட்டியாயிற்று.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி மட்டும் அம்மாவுக்கு வேண்டும், அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் பூனையைப் பின்னறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, பம்ப்பை நிறுத்தி, தொட்டியை ஈரத் துண்டால் மூடி, ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்த பிறகுதான் புகை போடுகிறோம். புகை அடங்கியதும் துண்டை எடுத்து பம்ப்பைப் போட்டுவிட வேண்டும், மீன் நெருக்கமாக இருக்கும் தொட்டியில் கால் மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைக்க எனக்குத் தைரியம் இல்லை. மறந்துவிடாமல் இருக்க அம்மாவே போனில் அலாரம் வைத்துக்கொள்கிறார்.