விண்வெளிப் போர்ப் பயிற்சியில் வெடிச்சத்தமே கிடையாது

ராணுவங்கள் விண்வெளிப் போருக்கு ஒத்திகை பார்க்கின்றன என்றதும் எனக்கு ராக்கெட்டும் லேசரும்தான் நினைவுக்கு வந்தன. தேடிப் படித்தால் பெரும்பாலும் ஓர் அறை, நிறையத் திரைகள், அவற்றின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆட்கள். அவ்வளவுதான்!

2021 மார்ச்சில் பிரான்ஸ் துலூஸ் நகரில் நடத்திய ‘ஆஸ்டர்எக்ஸ்’ அப்படிப்பட்டதுதான். (1965-ல் அவர்கள் ஏவிய முதல் செயற்கைக்கோளான ஆஸ்டரிக்ஸின் நினைவாக வைத்த பெயர்.) அமெரிக்கா 2017 முதல் ‘ஸ்பேஸ் ஃபிளாக்’ நடத்துகிறது. இந்தியாவும் 2024 நவம்பரில் ‘அந்தரிக்ஷ அப்யாஸ்’ என்று மூன்று நாள் நடத்தியது.

சரி, நிஜமாகவே சுட்டுப் பழகினால் என்ன? 2007-ல் சீனா தன்னுடைய பழைய வானிலைச் செயற்கைக்கோள் ஒன்றை ஏவுகணையால் உடைத்தது. உயரம் 800 கி.மீ.க்கும் மேல். கண்காணிக்க முடிந்த துண்டுகள் மட்டும் 3,000-க்கு மேல். பல இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 2019-ல் இந்தியா சோதித்தபோது 300 கி.மீ.க்குக் கீழே இருந்த இலக்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதுதான். துண்டுகள் சீக்கிரம் கீழே இறங்கி எரிந்துவிட வேண்டும். நொடிக்கு ஏழு கி.மீ. வேகத்தில் வரும் ஒரு நட்டு, எதிரி யார், நண்பன் யார் என்று பார்த்து மோதாது.

அதனால்தான் திரையிலேயே சண்டை. அதிலும் எனக்குப் பிடித்த கட்டம் இது: செயற்கைக்கோள் திடீரென்று பேசாமல் போகிறது. சூரியப் புயலா, பழுதா, யாராவது அலைவரிசையை அடைக்கிறார்களா? பதில் சொல்வதற்குள் அடுத்த சிக்கல் வந்துவிடும். நானாக இருந்தால் முதலில் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்திருப்பேன்.