ஃபவுண்டரி மணலும் சிலிகோசிஸ் கேஸும்

எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பக்கத்து ஃபவுண்டரி (வார்ப்பட ஆலை) ஆட்களுக்கு, மணலின் சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸுக்காக, இழப்பீட்டு மனு போட்டுப் பழகியவர்கள் நாங்கள். கேஸ் சாய்வது பெரும்பாலும் ஓ.பி. சீட்டில்தான். மூச்சிரைப்போடு போனவருக்கு "டிபி, பீடிப் பழக்கம் உண்டு" என்று எழுதிவிடுவார்கள். என்ன வேலை பார்க்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. பின்னாளில் கம்பெனி வக்கீல் தூக்கிக் காட்டுவது அந்த ஒரு வரியை.

ஆகவே முதல் சீட்டிலேயே வேலையை எழுத வையுங்கள். "ஹெல்ப்பர்" என்றால் ஒன்றும் தெரியாது. அச்சு உடைப்பு, ஃபெட்லிங் (வார்ப்பில் ஒட்டிய மணலையும் பிசிறையும் நீக்குவது), எத்தனை வருஷம், தூசி உறிஞ்சும் மெஷின் இருந்ததா, துணி மாஸ்க்தானா என்று வர வேண்டும். சளியில் டிபி கிருமி இல்லை என்ற ரிப்போர்ட் பொன்னுக்குச் சமம். டிபி இருந்தாலும் கேஸ் போய்விடாது. சிலிக்கா தூசி படிந்த நுரையீரலில் டிபி சுலபமாகத் தொற்றும். பீடியால் சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) வரும், சிலிகோசிஸ் முடிச்சுகள் வராது. ஊதிப் பார்க்கும் டெஸ்ட்டை மட்டும் நம்பினால் பீடிதான் காரணம் என்ற கம்பெனி வாதம் ஜெயித்துவிடும். ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) முறைப்படி படித்த எக்ஸ்ரே அறிக்கை வேண்டும், முடிந்தால் எச்.ஆர்.சி.டி. என்ற நுண்ணிய நுரையீரல் ஸ்கேனும். படங்களை சிடியில் வாங்குங்கள். செல்போனில் எடுத்த போட்டோ உதவாது.

சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்திருந்தால் அந்த வழிதான், இழப்பீட்டுச் சட்டத்தில் தனியாகக் கேட்க முடியாது. இது தெரியாமல் காலம் போக்கியவர்கள் உண்டு. அயனாவரம் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கே.கே. நகர் தொழில்நோய் மையத்துக்கு எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஈ.எஸ்.ஐ. இல்லாதவருக்கு முன்பு இருந்தது 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியல், அதாவது மூன்றாம் அட்டவணை, 'சி' பகுதி. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் பட்டியல் மூன்றாம் அட்டவணைதான். பட்டியலில் உள்ள வேலையைக் குறிப்பிட்ட காலம் செய்தவருக்கு அந்த நோய் வந்தால் வேலையால் வந்ததாகவே சட்டம் கொள்ளும். இல்லையென்று காட்டுவது முதலாளி பாடு. ஆனால் அந்த வேலையில்தான் இருந்தார் என்பதை நாம் காட்டியாக வேண்டும், கான்ட்ராக்ட் ஆளுக்கு இடிப்பது அங்கேதான். பி.எஃப். பாஸ்புக்கில் பணம் கட்டிய நிறுவனத்தின் பெயரும் மாதவாரிக் கணக்கும் இருக்கும். அதோடு கேட் பாஸ், சம்பளச் சீட்டு, கூட வேலை பார்த்த இரண்டு பேர் பிரமாணப் பத்திரம். பல கம்பெனி மாறியிருந்தால் எல்லோரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள், பங்கு பிரிப்பது மனுவை விசாரிக்கும் அதிகாரி வேலை. கான்ட்ராக்டர் ஓடிப்போனாலும் முதன்மைக் கம்பெனி தப்ப முடியாது.

கெடு இரண்டு வருஷம். நோயால் தொடர்ந்து வேலைக்குப் போகாத முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள், எனவே கடைசி வருகைப் பதிவு தேவைப்படும்.

சர்டிஃபிகேட்டில் "ஊனம் 30 சதவீதம்" என்று மட்டும் வாங்கி வராதீர்கள். தொகை கணக்கிடுவது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதை வைத்து. மணலில் நிற்கக் கூடாது என்று டாக்டர் எழுதினால், ஃபெட்லிங் மட்டுமே தெரிந்தவருக்கு அந்தக் குறைவு 30-ஐ விட மிக அதிகம். அதையும் டாக்டரே எழுதித் தர வேண்டும்.